போர்டு செத்தது, ப்ராசசர் பிழைத்தது

மேசைக் கணினியில் ப்ராசசர் சாவது அபூர்வம். பத்து வருஷம் ஓடிய பிறகும், பெட்டி பிரித்த நாளில் போட்ட கணக்கை அதே வேகத்தில் போட்டுக்கொண்டிருக்கும். முதலில் போவது எஸ்.எம்.பி.எஸ்., அடுத்து மதர்போர்டு. தஞ்சாவூரோ கும்பகோணமோ மன்னார்குடியோ, கம்ப்யூட்டர் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "டிஸ்ப்ளே வரல" என்று யாராவது சிபியுவைத் தூக்கிக்கொண்டு வருவார். கடைக்காரர் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுவார். பட்டன் செல்லை மாற்றுவார். வேறு எஸ்.எம்.பி.எஸ். கொடுத்துப் பார்ப்பார். அதற்கும் மசியவில்லை என்றால் தீர்ப்பு வந்துவிடும்: "போர்டு போயிடுச்சு சார்."

ஆபீஸ் வேலைக்கான கணினி என்றால் அதே சாக்கெட்டில் விலை குறைந்த போர்டு ஒன்றை மாட்டிக் கதையை முடித்துவிடலாம். உள்ளே இருப்பது 'கே' என்று முடியும் இன்டெல் ப்ராசசராகவோ ஏஎம்டியின் ரைசனாகவோ இருந்து, அதை ஓவர்க்ளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி, ஓட்டிப் பழகியவர் அதன் சொந்தக்காரர் என்றால் விஷயம் வேறு. அந்த ப்ராசசர் இனி எவ்வளவு வேகம் போகலாம் என்பதைப் புதிதாக வரும் போர்டுதான் முடிவுசெய்யப் போகிறது.

போர்டுக்கு இந்த அதிகாரம் எப்படி வந்தது? 1998-இல் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒரு மலிவு ப்ராசசரை விட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், அதை 4.5-ஆல் பெருக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ். பெருக்கும் எண்ணை இன்டெல் பூட்டிவிட்டது; பஸ் வேகத்தைப் பூட்டவில்லை. பஸ்ஸை 100-க்கு ஏற்றினால் 450. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2-இன் வேகத்தை இந்த ஏழை ப்ராசசர் எட்டிப் பிடித்தது. அதற்குத் தோதாகத் தைவானின் ஏபிட் நிறுவனம் பிஎச்6 என்ற போர்டை விற்றது. மற்ற போர்டுகளில் ஜம்பர்களைப் பிடுங்கி மாற்றிச் செய்த வேலையை அதில் பயாஸ் திரையிலேயே செய்ய முடிந்தது. அடுத்த வருஷம் அதே நிறுவனம் பிபி6 என்ற போர்டில் இரண்டு செலரான்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டது. செலரானை ஜோடியாக ஓட்டுவது இன்டெல்லின் திட்டத்திலேயே இல்லை. போர்டு செய்தவன் நினைத்தான், நடந்தது.

இன்டெல் இதை என்றைக்கும் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் ப்ராசசர்களில் அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸில் நின்றது. அதோடு பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாம் சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததால் ஐந்து சதவீதத்துக்கு மேல் அசைத்தால் வேறெங்கோ உதைக்கும். மீதி இருந்த வழி பெருக்கும் எண்தான். அது 'கே' ப்ராசசர்களில் மட்டும் முழுதாகத் திறந்திருந்தது. திறந்த ப்ராசசர் இருந்தாலும் போர்டில் பி67 அல்லது, சில மாதம் கழித்து வந்த, இசட்68 சிப்செட் இருக்க வேண்டும். எச்61, எச்67 போர்டில் அதே ப்ராசசரை மாட்டினால் கம்பெனி வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். இரண்டு இடத்தில் காசு கொடுத்தால்தான் ஒரு பூட்டு திறக்கும் என்ற இந்த ஏற்பாட்டை இன்டெல் இன்றுவரை விடவில்லை.

அந்த 2011-ஆம் வருஷத்தில்தான் மதர்போர்டு மாற்றும் வரலாற்றின் பெரிய சம்பவமும் நடந்தது. சாண்டி பிரிட்ஜ் வெளியாகி ஒரு மாதம் முடிவதற்குள், ஜனவரி 31 அன்று, சிப்செட்டில் பிழை இருப்பதை இன்டெல் ஒப்புக்கொண்டது. 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்டுகள் நாளாக நாளாகத் தேய்ந்து ஹார்ட் டிஸ்க்கோடு பேச்சை நிறுத்திவிடக்கூடும். பழுதுபார்க்கவும் மாற்றித் தரவும் 70 கோடி டாலர் ஆகும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். ப்ராசசரில் ஒரு குறையும் இல்லை. உலகம் முழுக்கப் போர்டுகள் மட்டும் திரும்பப் போயின. செகண்ட்ஸில் பழைய பி67 போர்டு வாங்குகிறவர்கள் அது திருத்தப்பட்ட பி3 ஸ்டெப்பிங்கா என்று இன்றைக்கும் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது காவிரி டெல்டாவுக்கு வருவோம். ஒருவரிடம் ஐ7-2600கே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு காலத்தில் ஆசையாக வாங்கி வந்தது. 4.5 கிகாஹெர்ட்ஸில் வருஷக்கணக்காக ஓடிய பிறகு போர்டு போய்விட்டது. கடையில் கேட்டால் "புது போர்டே இருக்கு சார், எச்61" என்பார்கள். பொய் இல்லை. ஜீப்ரானிக்ஸ் என்ற சென்னைக் கம்பெனி உட்பட இந்தியாவில் பல பிராண்டுகள் எச்61 போர்டுகளை அந்தச் சிப்செட்டின் காலம் போன பிறகும் விற்றுவந்திருக்கின்றன. பழைய ப்ராசசர்களுக்கு இது பெரிய புண்ணியம். ஆனால் அதில் மாட்டினால் நான்கு கோரும் சேர்ந்து உழைக்கும்போது 2600கே போவது 3.5 கிகாஹெர்ட்ஸ்தான். 4.5-இல் பழகியவருக்குப் பாய்ச்சல் பின்பக்கமாக இருக்கும்.

ஓவர்க்ளாக் செய்யவிடும் இசட்77 போர்டு வேண்டும் என்றால் செகண்ட்ஸ் ஒன்றே வழி. பத்து வருஷத்துக்கு மேல் ஓவர்க்ளாக்கில் காய்ந்த போர்டைத்தான் யாராவது விற்பார்கள். எதற்காக அந்தப் போர்டு வாங்கப்பட்டதோ அதற்காகவே அது உழைத்திருக்கும். சாக்கெட்டில் பின் வளைந்திருக்கும், அல்லது கெபாசிட்டர் தலை லேசாக உப்பியிருக்கும், அல்லது ஏற்கெனவே ஒருமுறை சிப் லெவல் சர்வீஸ் பார்த்து மாஸ்ஃபெட் மாற்றியிருப்பார்கள். சிப் லெவலில் உயிர்ப்பித்த போர்டில் சாதாரணமாக ஓட்டலாம், ஓவர்க்ளாக் செய்யக் கூடாது. இணையத்தில் வரும் சீன எக்ஸ்79, எக்ஸ்99 போர்டுகளில் பல, பழைய சிப்செட்டைக் கழற்றிப் புதுப் பலகையில் ஒட்டியவை. அதுவும் ஒரு உலகம், பொழுதுபோக்குக்கு நல்லது. நாளைக்குக் கல்யாண வீடியோ கொடுக்க வேண்டியவருக்கு ஆகாது.

2600கே தலைமுறைக்கு நேர்மையான பதில் ஒன்றுதான்: எச்61-ஐ மாட்டி வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வேலைக்கு வேறு பிளாட்ஃபார்ம் பார்ப்பது. ஓவர்க்ளாக் எதுவும் செய்யாத ரைசன் 5 5600 ஒன்று, 4.5-இல் ஓடும் 2600கே-ஐ எல்லாக் கணக்கிலும் முந்திவிடும். இன்டெல்லில் நாலாவது தலைமுறை 4770கே, 4790கே வைத்திருப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். இசட்87, இசட்97 போர்டுகளும் செகண்ட்ஸில்தான் கிடக்கின்றன.

ஏஎம்டி பக்கம் நிலைமை கருணையானது, ஆனால் அங்கேயும் குழி இருக்கிறது. 2017-இல் ரைசனோடு கடைக்கு வந்த ஏஎம்4 சாக்கெட், அந்தக் காலத்து ரைசன் 5 1600-இலிருந்து 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி வரை தாங்கியது. ரைசன்களில் பெரும்பாலானவை திறந்தவை, பி வரிசைப் போர்டிலேயே ஓவர்க்ளாக் செய்யலாம். ஏ320, ஏ520 போர்டில் மட்டும் முடியாது. கேட்க இனிமையாக இருக்கிறதா? செத்துப்போன பி350 போர்டில் ரைசன் 5 1600 வைத்திருந்தவர், கடைக்கு ஓடிப்போய்ப் புது பி550 வாங்கி மாட்டினால் டிஸ்ப்ளே வராது. பி550 அதிகாரபூர்வமாக 3000 வரிசையிலிருந்துதான் தொடங்குகிறது, அதிலும் 3200ஜி, 3400ஜி சேர்த்தி இல்லை. முதல் இரண்டு தலைமுறை ரைசனுக்கு பி450 தேட வேண்டும். இன்டெல்லில் இதைவிட மோசம்: இசட்270-க்கும் இசட்370-க்கும் சாக்கெட் பெயர் ஒன்றே, எல்ஜிஏ1151. ஓட்டைகளும் ஒத்துப்போகும், ப்ராசசரும் உட்காரும். ஐ7-8700கே மட்டும் இசட்270-இல் எழுந்திருக்காது. சாக்கெட் பொருந்துகிறதா என்று கேட்பது போதாது. போர்டு கம்பெனியின் இணையதளத்தில் ப்ராசசர் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் ப்ராசசரின் பெயரையும், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்பதையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

பயாஸ் பதிப்பு ஏன்? பி450 போர்டு ஒன்று பழைய பயாஸோடு பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தால், அதற்கு 5000 வரிசை ப்ராசசரை அடையாளம் தெரியாது. பயாஸை ஏற்ற வேறொரு பழைய ரைசன் வேண்டும். சென்னையில் அடுத்த கடையில் கேட்டு வாங்கிவிடலாம். ஒரத்தநாட்டில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் போய்க் கேட்பது? பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டில், ப்ராசசரே இல்லாமல் பென் டிரைவை மட்டும் செருகி ஏற்றிக்கொள்ளலாம். சிற்றூரில் இருப்பவர்கள் கலர் விளக்குகளுக்குக் கொடுக்கும் காசை இந்தப் பட்டனுக்குக் கொடுக்கலாம்.

பொருத்தம் சரி என்றானபின், போர்டின் உண்மையான தரம் தெரியும் இடம் ப்ராசசர் சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் வி.ஆர்.எம். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வருவது 12 வோல்ட். ப்ராசசர் குடிப்பது 1.2, 1.3 வோல்ட். நடுவில் இறக்கித் தருகிற வேலை இதனுடையது. ஓவர்க்ளாக் செய்த எட்டுக் கோர் ப்ராசசர் 180 வாட் இழுக்கிறது என்றால், 1.2 வோல்ட்டில் அது 150 ஆம்பியர். வீட்டில் ஓடும் ஒன்றரை டன் ஏசி 230 வோல்ட்டில் இழுப்பது ஏழெட்டு ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், உள்ளங்கை அகலப் பலகையில் என்ன நடக்கிறது என்று புரியும்.

இந்த 150 ஆம்பியரையும் ஒரே வழியில் விட்டால் எரிந்துவிடும். அதனால் பல ஃபேஸ்களாகப் பிரித்து, ஒன்று மாற்றி ஒன்றாகத் திறந்து மூடுவார்கள். டெல்டாக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை, முறைப்பாசனம் மாதிரிதான். எல்லா வாய்க்காலையும் ஒரே நேரத்தில் திறக்காமல் முறை வைத்து விடுவது. ஃபேஸ் கூடினால் ஒவ்வொன்றின் சுமையும் சூடும் குறையும். பெட்டியின் மேல் "12+2 ஃபேஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு ஃபேஸில் இரண்டு மாஸ்ஃபெட் ஜோடியை இணையாகப் போட்டுவிட்டு இரண்டாக எண்ணுவதும் உண்டு. எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு ஃபேஸிலும் எத்தனை ஆம்பியர் தாங்கும் மாஸ்ஃபெட் போட்டிருக்கிறார்கள், மேலே மூடியிருப்பது கனமான அலுமினிய ஹீட் சிங்க்கா, பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் மூடியா என்பது முக்கியம். 50, 60 ஆம்பியர் டிஆர்மாஸ் (ஒருங்கிணைந்த மாஸ்ஃபெட்) எட்டு இருந்தால் எட்டுக் கோர் ரைசனுக்குத் தாராளம்.

மின்சாரத்தின் கணக்கு எப்போதும் வேகத்துக்கு எதிராகத்தான் போகும். ப்ராசசர் குடிக்கும் வாட், வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் நிற்கும் ஒரு ப்ராசசரை 4.5-க்கு ஏற்ற 1.35 வோல்ட் தேவைப்பட்டால், வேகம் கூடுவது 12.5 சதவீதம், வாட் கூடுவது சுமார் 42 சதவீதம். அந்த 42 சதவீதமும் வி.ஆர்.எம். வழியாகத்தான் போக வேண்டும். வி.ஆர்.எம். 90 சதவீதத் திறனோடு வேலை செய்தாலும், ப்ராசசருக்கு 180 வாட் கொடுக்கும்போது அதற்குள்ளேயே 20 வாட் சூடாக வீணாகும். பலகையின் ஒரு மூலையில் 20 வாட் சால்டரிங் அயர்னை அணைக்காமல் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இங்கேதான் ஊர் குறுக்கே வருகிறது. யூடியூபில் மதர்போர்டு விமர்சனம் செய்பவர்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து அளக்கிறார்கள். தஞ்சாவூரில் மே மாத வெயில் 38, 40 என்று போகும். கான்கிரீட் தளத்துக்குக் கீழே மாடி அறையில் ஏசி இல்லாமல் இருந்தால் ராத்திரி பத்து மணிக்கும் 34, 35 இருக்கும். அறை பதினைந்து டிகிரி கூடினால் வி.ஆர்.எம்.மும் ஏறத்தாழ அதே அளவு கூடும். அவர்கள் வீடியோவில் "90 டிகிரி, பரவாயில்லை" என்று சொன்ன போர்டு நம் அறையில் 105-ஐத் தொடும். உடனே எரிந்துவிடாது. போர்டே ப்ராசசரின் வேகத்தைக் கீழே இழுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஓவர்க்ளாக் செய்தும் வேகம் வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் குற்றம் சொல்வது ப்ராசசரை. குற்றவாளி பக்கத்தில் மூடியில்லாமல் கொதிக்கும் மாஸ்ஃபெட். கூடவே சுற்றியிருக்கும் கெபாசிட்டர்களின் ஆயுளும் கரையும். வெளிநாட்டு அளவீட்டில் 90-ஐத் தொடுகிற போர்டை டெல்டாவில் ஓவர்க்ளாக்குக்கு வாங்கக் கூடாது. 70-க்குள் நிற்பதைப் பாருங்கள்.

இன்னொரு பழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ப்ராசசர் சூடாகிறது என்று லிக்விட் கூலர் போடுவார்கள். ப்ராசசர் குளிர்ந்துவிடும். பழைய டவர் கூலரின் விசிறியிலிருந்து வழிந்த காற்றுதான் பக்கத்திலிருந்த வி.ஆர்.எம்.மையும் தொட்டுக்கொண்டு போனது என்பது அதைக் கழற்றிய பிறகுதான் தெரியும். லிக்விட் கூலர் போடுகிறவர்கள் கேபினட்டின் பின்பக்க விசிறியைச் சாக்கெட் உயரத்தில் வைக்க வேண்டும்.

தூசி என்று ஒன்று இருக்கிறது. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது, வயலை ஒட்டிய தெருக்களில் அறுவடை மெஷின் போன பிறகு வீட்டுக்குள் படியும் தூசியை டெல்டாவில் எல்லாருக்கும் தெரியும். ரைஸ்மில்லுக்குப் பக்கத்தில் என்றால் வருஷம் முழுக்க. உமித்தூசி ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் அடைத்துக்கொள்ளும்; ஐப்பசி, கார்த்திகை ஈரம் பட்டால் இறுகிப் படலமாகிவிடும். போகிப் பண்டிகைக்கு வீட்டை ஒட்டடை அடிப்பவர்கள் கேபினட்டைத் திறப்பது அறுவடை முடிந்த பிறகு, மாசிக் கடைசியில் என்று வைத்துக்கொண்டால் உபயோகமாக இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆவது வெளிநாட்டு விமர்சகர்களின் சோதனைப் பட்டியலில் கிடையாது. நம் ஊர்க் கடைக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

அடுத்தது கரண்ட். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே போர்செட்டை நம்பிக் குறுவை நாற்று விடும் ஊர்களில், மும்முனை மின்சாரம் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும்; வீட்டில் டியூப்லைட் மினுக்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 100 முதல் 240 வோல்ட் வரை சமாளிக்கும் என்பதால் லோ வோல்டேஜ் மட்டுமே போர்டைக் கொல்வது குறைவு. கொல்வது ஹை வோல்டேஜ்: காற்று மழையில் நியூட்ரல் அறுந்து 230 இருக்க வேண்டிய இடத்தில் 300-க்கு மேல் பாயும் அந்தச் சில விநாடிகள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பக்கம் பல கிராமங்கள் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. வாடகை ஜெனரேட்டரில் செல்போன் சார்ஜ் போடலாம். ஓவர்க்ளாக் செய்த கணினியை அதில் மாட்டுவது விஷப்பரீட்சை.

ஓவர்க்ளாக்குக்கும் கரண்ட்டுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. வோல்டேஜ் விளிம்பில் நிறுத்தப்பட்ட ப்ராசசர், 12 வோல்ட் ஒரு கணம் தொய்ந்தாலும் நீலத்திரை காட்டும். விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும்போது தருவது சுத்தமான சைன் அலை இல்லை. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்.எம்.பி.எஸ். சில அதை ஏற்காமல் அந்த நொடியிலேயே அணைந்துவிடும். போர்டு பட்ஜெட்டில் ஆயிரம் இரண்டாயிரம் கூட்டுவதற்கு முன்னால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்ப்பது மேல். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும் வீட்டில் எந்த போர்டு வாங்கினாலும் வீண். பழைய செம்புக் கம்பி வழியாக வரும் இணைய இணைப்பு என்றால், இடி இறங்கும் நாளில் லேன் ஒயரையும் கழற்றுங்கள். ஃபைபருக்கு அந்தப் பயம் இல்லை, மோடத்திலிருந்து வரும் ஒயருக்கு உண்டு.

சரி, இவ்வளவு ஆபத்தோடு யாருக்காக இந்த ஓவர்க்ளாக்? கேம் விளையாடுகிறவர்களுக்கு ஓரளவு அர்த்தம் இருக்கிறது. கேமில் எல்லாக் கோரும் முழுச் சுமையில் மணிக்கணக்காக நிற்பதில்லை, வி.ஆர்.எம். மூச்சு விடும். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோவை ராத்திரி முழுக்க ரெண்டர் போடும் ஸ்டூடியோக்காரருக்குத்தான் வேகம் அதிகம் தேவை, அவருக்குத்தான் இது கொஞ்சமும் ஒத்துவராது. ஐந்து மணி நேரம் ஓடி, 97 சதவீதத்தில் நீலத்திரை வந்தால் மிச்சப்பட்ட இருபது நிமிஷத்தை வைத்து என்ன செய்வது? அவருக்கு வேண்டியது வேறு. இன்டெல்லின் குவிக் சிங்க் மாதிரி வீடியோவுக்கென்றே உள்ள சர்க்யூட், அல்லது ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு. இதிலும் போர்டு குறுக்கே வந்த காலம் உண்டு: 2011-இல் பி67 போர்டு வாங்கியவர்களுக்கு ஓவர்க்ளாக் கிடைத்தது, குவிக் சிங்க் கிடைக்கவில்லை. அந்தச் சிப்செட்டால் ப்ராசசருக்குள் இருந்த கிராபிக்ஸைத் தொடவே முடியவில்லை. இரண்டும் சேர்ந்து கிடைக்க மே மாதம் இசட்68 வர வேண்டியிருந்தது.

போர்டு கம்பெனிகளின் தாராள மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் ஏஎம்5 போர்டுகளில் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில கருகி, சாக்கெட்டும் பொசுங்கிய படங்கள் உலகைச் சுற்றின. மெமரியை வேகப்படுத்தும் எக்ஸ்போவை ஆன் செய்ததும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜைத் தாங்களாகவே எக்கச்சக்கமாக ஏற்றியது காரணமாகப் பேசப்பட்டது. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு போட்டுப் புது பயாஸ் அனுப்பியது. அடுத்த வருஷம் இன்டெல்லின் முறை. 13, 14-ஆம் தலைமுறை மேசை ப்ராசசர்கள் காரணமில்லாமல் விழத் தொடங்கின. வோல்டேஜ் அளவுக்கு மீறிக் கேட்கும் மைக்ரோகோடு பிழை ஒரு பக்கம், இன்டெல் சொன்ன பவர் வரம்புகளைத் தள்ளிவிட்டு வந்த போர்டுகளின் டீஃபால்ட் அமைப்பு இன்னொரு பக்கம். 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற திருத்தம் வந்தது. வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தார்கள். ஏற்கெனவே தேய்ந்த ப்ராசசரைத் திருத்தம் குணப்படுத்தவில்லை. இந்தத் தலைமுறை ப்ராசசருக்கு மாற்றுப் போர்டு வாங்குகிறவர்கள் விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்பே பயாஸை ஏற்றிவிட வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த போர்டு நாம் கேட்காமலேயே ஓவர்க்ளாக் செய்துகொண்டிருக்கலாம்.

ஆகவே டெல்டாவில் இன்றைக்குப் போர்டு மாற்றுகிறவருக்கு இந்தப் பதிவின் சிபாரிசு கொஞ்சம் மந்தமானது. ஏஎம்4 ரைசன் 3000, 5000 இருந்தால், நல்ல ஹீட் சிங்க்கோடு ஃப்ளாஷ்பேக் பட்டனும் உள்ள பி550 போதும், எக்ஸ்570 தேவையில்லை. டிடிஆர்4 மெமரியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 2025 இறுதியில் மெமரி விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சேமிப்பு என்று தெரியும். 5000 வரிசையில் வோல்டேஜை ஏற்றிக் கையால் ஓவர்க்ளாக் செய்வதைவிட, பயாஸில் உள்ள கர்வ் ஆப்டிமைசரில் வோல்டேஜைக் குறைத்துவிட்டால் சூடு இறங்கும், ப்ராசசர் தானாகவே கொஞ்சம் கூடுதல் வேகம் போகும். மே மாதத்து மாடி அறைக்கு ஏற்ற ஓவர்க்ளாக் அதுதான். இன்டெல் 'கே' வைத்திருப்பவர்கள் பூட்டு திறக்க இசட் போர்டுக்குத்தான் போக வேண்டும். ஐ5 என்றால் பி வரிசையில் நல்ல போர்டு ஒன்று வாங்கி, மெமரியை மட்டும் அதன் முழு வேகத்துக்கு விட்டுக் காசை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம். பி560 முதல் அதற்கு அனுமதி இருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறவர் ஏஎம்5 பார்க்கலாம், ஏ620-ஐ மட்டும் தவிர்த்துவிட்டு. ஓவர்க்ளாக்கால் வரும் சேதத்துக்கு இன்டெல்லும் சரி, ஏஎம்டியும் சரி, வாரண்டி தருவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வாங்கும்போது கடைசியாக ஒரு வேலை. இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் பின்கள் இருப்பது போர்டின் சாக்கெட்டில். ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டர் கைவிரித்துவிடும். உங்களிடம் வளைந்ததா, வரும்போதே வளைந்திருந்ததா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. கடையிலேயே பெட்டியைப் பிரித்து, சாக்கெட் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச் அடித்துக் கடைக்காரர் முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பிரிப்பதை வீடியோ எடுங்கள். போர்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷம் வாரண்டி. சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். தெர்மல் பேப்பரில் அடித்த பில்லின் எழுத்து ஒரு கோடைகூடத் தாங்காது, அன்றைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கள். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் போர்டை வாங்க மறுக்கலாம்.